காலுவின் கால்



தில்லியின் குளிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூடுபனியையும், தாமதமாக வந்து சேரும் ரயில்களையும், தெருமுனையில் வறுபடும் வேர்க்கடலையையும் பற்றிப் பேசுவார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் இந்நகரத்துத் தெருநாய்களில் பல குட்டி போடுகின்றன என்பது அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை. மழைக்காலம் முடியும் தறுவாயில் இணை சேர்ந்த நாய், ஏறத்தாழ 63 நாள் சுமந்து, ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஈனுகிறது. ஜனவரி மாதத்து இரவுகளில் வெப்பம் 4, 5 டிகிரி வரை இறங்கிவிடும். நல்ல மனம் படைத்தவர்கள் பெரிய நாய்களுக்குச் சாக்கைக் கத்தரித்துச் சட்டையாகக் கட்டிவிடுவதுண்டு. குட்டிகளோ தாமாகவே சூடுள்ள இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். இரவில் வீடு திரும்பிய மோட்டார் வண்டியின் அடிப்பக்கத்தைவிடச் சூடான இடம் தெருவில் வேறு எது? காற்றும் படாது, மேலே கூரையும் உண்டு. விடிந்ததும் அந்தக் கூரை நகர்ந்துவிடும் என்பது குட்டிக்குத் தெரிவதில்லை.

2024ஆம் ஆண்டு ஜனவரியில், தெற்குத் தில்லியின் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பொன்றில், நாங்கள் வசிக்கும் வரிசைக்கு முன்னால் ஒரு வண்டி இவ்வாறு புறப்பட்டது. ஓட்டியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நடந்தது அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். அலறல் கேட்டு முதலில் ஓடிவந்தவர் வாயிற்காவலர். கட்வால் மலைப்பகுதியைச் சேர்ந்த மனிதர். இரவுக் காவல் முடிந்து தேநீருக்காகக் காத்திருந்தவர். அவர் குட்டியை வாரி எடுத்தார். எடுத்த கணத்தில் அது அவருடைய கட்டைவிரலைக் கடித்துவிட்டது. இரத்தம் வந்தது.

இங்கே சற்று நின்று ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். அடிபட்ட பிராணி தன்னைத் தூக்குகிறவனுக்கும் தன்னை நசுக்கியவனுக்கும் வேற்றுமை அறியாது. வலியே அதற்குக் கண்ணாகவும் வாயாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே கனத்த துணியையோ கம்பளியையோ மேலே போர்த்தி, முகத்தை மறைத்து, ஒரு பலகையின்மீதோ அட்டைப்பெட்டியிலோ வைத்துத்தான் தூக்க வேண்டும். கடி பட்டுவிட்டால், குட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டிவிட்டால் அதற்கு மருந்தில்லை. தலைகாட்டுமுன் தடுத்துவிட்டாலோ அதைப்போல் எளிதில் தடுக்கக்கூடிய நோயும் அதிகமில்லை. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. பிறகு தாமதமின்றி மருத்துவமனை. எங்கள் காவலருக்குப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில், இரத்தம் வந்த காயமாகையால், காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதம் கலந்த மருந்தைச் செலுத்தினார்கள். தடுப்பூசியை அன்றும், 3ஆம் நாளும், 7ஆம் நாளும், 28ஆம் நாளுமாகப் போட்டார்கள். அவருக்கு விடுப்புக் கொடுக்க அவருடைய ஒப்பந்தக்காரருக்கு மனமில்லை. ஊசி போட்ட நாட்களிலும் அவர் இரவில் காவலுக்கு நின்றார். கடித்த பிராணியை 10 நாள் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. பத்து நாளும் அது நலமாக இருந்துவிட்டால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் அந்த நோய் இல்லை என்று தீர்மானிக்கலாம். ஆகவே குட்டியின் உயிரைப் பற்றிய கவலையோடு ஒரு மனிதனின் உயிரைப் பற்றிய கவலையும் அன்றே எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

குட்டிக்கு ஏறக்குறைய 10 வார வயது, எடை மூன்றரைக் கிலோ, நிறம் கறுப்பு. வலது பின்னங்கால் துணிப்பொம்மையின் கால்போலத் தொங்கிற்று. முதலில் நாங்கள் கொண்டுசென்ற சிகிச்சை நிலையத்தில், கருணைக் கொலை அல்லது காலை எடுத்துவிடுவது என்று இரண்டு வழிகள் மட்டுமே சொன்னார்கள். நியாயமாகச் சொன்னால் இரண்டாவது யோசனை கொடியதன்று. நாய் மூன்று காலில் நன்றாகவே வாழும். மனிதரைப்போல் அதற்காக வெட்கப்படுவதும் இல்லை. ஆனால் வீடுள்ள நாய்க்கு மூன்று கால் போதும். தெருவில் மற்ற நாய்களோடு போட்டியிட்டு, வண்டிகளுக்கு விலகி ஓட வேண்டிய நாய்க்கு நான்காவது காலும் தேவை. எங்களுக்கோ அப்போது அதை வீட்டில் வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றில் நாய் திண்ணையைத் தாண்டாத வீட்டில் வாழ்ந்து பழகிய அம்மா எங்களோடு இருக்கிறார். ஆகவே நான்காவது காலைக் காப்பாற்றக்கூடிய வேறொரு மருத்துவமனையைத் தேடிப் போனோம்.

அங்கே பதிவுச் சீட்டில் 'உரிமையாளர்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் கோடு போட்டோம். 'பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கையில், கூட வந்திருந்த காவலர், "காலு என்று எழுதுங்கள், சாகப்" என்றார். இந்தியில் காலு என்றால் கறுப்பன். வடநாட்டில் தெருவுக்கு ஒரு காலு உண்டு. ஆனால் வீட்டில் பெயரைச் சொன்னதும் அம்மா, "காலொடிஞ்சு வந்த நாய்க்குக் காலுன்னே பேர் வச்சுட்டாரா அந்தத் தம்பி!" என்று வியந்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இருபது ஆண்டுகளில் இவ்வளவு கச்சிதமாக இரண்டு மொழியிலும் உட்காரும் சொல் ஒன்று கூட வாய்த்ததில்லை. நாய்க்குட்டிக்குத் தமிழில் பழைய பெயர் 'குருளை'. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் அந்தப் பெயர் உரியது என்று தொல்காப்பியத்து மரபியல் வகுக்கிறது. புலிக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே சொல்லை வழங்கிய அக்காலத்துத் தமிழர் இரண்டையும் கிட்டத்தில் பார்த்தவர்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

மருத்துவர் உடனே காலைத் தொடவில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தார். வண்டியில் அடிபட்ட பிராணிக்கு உதரவிதானம் கிழிந்திருக்கலாம், மூத்திரப்பை உடைந்திருக்கலாம், அவை மறைந்திருக்கக் கண்ணுக்குத் தெரியும் காலையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவை இரண்டும் பழுதில்லை என்று கண்ட பிறகே எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். தொடை எலும்பு நடுவுக்குச் சற்றுக் கீழே இரண்டாக முறிந்து, துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. இதற்கு மாவுக்கட்டு உதவாது. முறிந்த எலும்புக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் அசையாமல் நிறுத்தினால்தான் கட்டு பயன் தரும். நாயின் இடுப்பு மூட்டைக் கட்டுக்குள் கொண்டுவர இயலாது. தொடையில் கட்டினால் கட்டின் பாரமே முறிவை மேலும் விரிக்கும். ஆகவே ரண சிகிச்சைதான். எலும்பின் மச்சை இருக்கும் குழலுக்குள் எஃகுக் கம்பியைச் செலுத்தி இரு துண்டுகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது முறை. மனிதரின் தொடை எலும்புக்கு இம்முறையை ஜெர்மானிய வைத்தியர் கூன்ட்ஷர் 1940ஆம் ஆண்டு உலகுக்கு எடுத்துரைத்தார். குட்டியின் எலும்பிலே ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. இரு முனைகளிலும் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்பு இருக்கிறது. கம்பி அதைச் சிதைத்துவிட்டால், அந்தக் கால் மட்டும் வளராமல் குட்டையாகிப்போகும்.

மூன்றாம் நாள் காலை சிகிச்சை நடந்தது. அதற்கு மேல் தாமதித்தால், குட்டியின் உடம்பு தானாகவே கோணலான நிலையில் எலும்பை ஒட்டவைக்கத் தொடங்கிவிடும் என்றார் மருத்துவர். கண்காணிப்புக் காலம் முடியாத குட்டியாயிற்றே என்று கேட்டோம். அங்குள்ள ஊழியர் அனைவரும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் என்றும், வாயைத் துணியால் கட்டித்தான் தொடுவார்கள் என்றும் பதில் வந்தது. பெரிய நாயைப்போல் இரவு முழுதும் பட்டினி போடவும் கூடாதாம். சிறு குட்டியின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. சில மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை இறங்கி அது துவண்டுவிடும். மயக்கத்தில் கிடக்கும்போது சூடும் வேகமாக வெளியேறிவிடும். சிகிச்சை முடிந்து காலுவை எங்கள் கையில் கொடுத்தபோது, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகள் இரண்டுக்கு நடுவில் அது கிடந்தது. நாயின் இயல்பான வெப்பம் மனிதரைவிடக் கூடுதல். 101 பாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. எங்கள் மகள் கடிகாரத்தையும் வெப்பமானியையும் வைத்துக்கொண்டு மணிக்கொரு முறை ஒரு காகிதத்தில் குறித்தாள். 97, 98, 98, 99. நள்ளிரவு தாண்டி 101 என்று எழுதியபின்தான் படுத்தாள்.

மறுநாள் காலை அது கண் திறந்து தன் காலைப் பார்த்தது. பார்த்ததும் தையலைக் கடிக்க முயன்றது. இதற்காகக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இதற்கு எலிசபெத் காலத்துக் கழுத்துப்பட்டை என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் அந்த அரசியின் ஆட்சியில் பிரபுக்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த கஞ்சி போட்ட மடிப்பு வட்டத்தின் நினைவு அது. தமிழில் என்ன சொல்வது என்று நாங்கள் வாதித்துக்கொண்டிருக்கையில் அம்மா கூடத்தின் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கிராமபோன் குழாயைப் போட்டுக்கிட்டு நிக்கறதே!" என்றார். இசைத்தட்டுகளின்மேல் குழாய்க்கு எதிரே ஒரு நாய் உட்கார்ந்திருக்கும் படத்தை அவர் சிறு வயதில் பார்த்தவர். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அது கிராமபோன்தான்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலியில் முனகும் பிராணியைப் பார்த்து இரக்கப்பட்டு, வீட்டு அலமாரியிலுள்ள வலிமாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. இபுபுரோபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். பாராசிட்டமால் நாய்க்கே தீங்கு தரக்கூடும், பூனைக்கோ நஞ்சு. நாய்க்குரிய வலிமருந்து தனியே உண்டு. அதுவும் எடைக்குத் தகுந்த துளிக்கணக்கு. உணவிலும் அப்படியே. தயிர்சாதம் மட்டும் போட்டால் வயிறு நிறையும், எலும்பு கூடாது. எங்கள் சைவச் சமையலறையில் வேகாத முட்டை, காவலரின் மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்து தினமும் இரண்டு வேளை வந்தது. வெங்காயம் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது என்பதும் மருத்துவர் சொன்னதுதான். அது நாயின் இரத்த அணுக்களை உடைத்துவிடும்.

பொங்கலன்று, அதாவது சிகிச்சை நடந்த நான்காம் நாள், வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கியபடி புல்வெளிக்குக் கொண்டுபோனோம். காலு வலது பின்னங்காலின் விரல்நுனியால் நிலத்தைத் தொட்டது. தொட்டது என்றுதான் சொல்லலாம், ஊன்றவில்லை. அதையே நாங்கள் பெருநாளாகக் கொண்டாடினோம். ஆனால் எட்டாம் நாள் அந்தத் தொடுதலும் நின்றது. கால் பின்பக்கமாக நீண்டு விறைக்கத் தொடங்கிற்று. தையல் சுத்தமாக இருந்தது, காய்ச்சல் இல்லை. மருத்துவர் முழங்காலை மடக்கிப் பார்த்தார், பாதிதான் மடங்கிற்று. அப்போதுதான் அவர் முகம் மாறியது. இளங்குட்டிகளின் தொடை முறிவில் எலும்பு கூடாமற்போவது அரிது. கூடும் வேகமே சில சமயம் வினையாகிவிடும். முறிவைச் சுற்றி உருவாகும் திசுவோடு தொடையின் முன்பக்கத் தசையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டி இறுகிவிட்டால் முழங்கால் என்றென்றைக்கும் மடங்காது. எலும்பு நன்றாகக் கூடியிருக்கும். கால் கோலாக நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு அதை எடுத்துவிட வேண்டியதுதான். இன்னும் ஒரு வாரம், என்றார் அவர். ஒரு வாரத்திற்குள் தசையை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

மருந்தில்லாத சிகிச்சை அது. குட்டியை ஆரோக்கியமான பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, வெந்நீரில் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் தொடையில் வைத்து, ஒரு கையால் தொடையைத் தாங்கி மறு கையால் கணுக்காலைப் பிடித்து, மிதிவண்டி மிதிப்பதுபோல் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். ஒரு வேளைக்கு 20 முறை. நாளைக்கு ஐந்து வேளை. வலிக்கும் எல்லையைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. அந்த எல்லை எது என்பதைக் குட்டியின் காதுகள் சொல்லும். பின்னால் படிந்தால் நிறுத்திவிட வேண்டும். காலையில் அலுவலகம் போகுமுன் ஒரு வேளை, மாலையும் இரவும் இரண்டு வேளை, விடியற்காலையில் காவல் முடித்துவிட்டுக் காவலர் ஒரு வேளை. நண்பகல் வேளைக்குத்தான் ஆள் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில், நாங்கள் இருவரும் அலுவலகத்தில்.

அந்த வேளையை யார் ஏற்றார் என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள். ஊகம் பாதிதான் சரி. அம்மா காலுவைத் தொடவில்லை. காவலரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரவழைத்தார். அவர் கூடத்தில் உட்கார்ந்து காலைப் பிடிக்க, இவர் சமையலறை நிலைப்படிக்கு இப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் எண்ணினார். காவலருக்குத் தமிழ் தெரியாது. மாதாஜிக்கு இந்தி வராது. "பதினெட்டு... பதினெட்டுதான் ஆச்சு, தம்பி, ஏமாத்தாதே" என்று சொல்லும் குரலை, அன்று வீட்டிலிருந்து பணிபுரிந்த பக்கத்து வீட்டார் கேட்டு எங்களிடம் சொன்னார்கள். அந்த மாத முடிவில் கட்வால் மலைக்காரர் இருபதுவரை பிழையின்றித் தமிழில் எண்ணினார்.

இதற்கிடையில் பத்தாம் நாள் கழிந்தது. காலு உண்டது, குடித்தது, கிராமபோனை நாற்காலிக் காலில் மோதிக் குரைத்தது. வாயிற்காவலர் அன்று மாலை ஒரு பொட்டலம் ஜிலேபி வாங்கிவந்தார். அந்தப் பத்து நாளும் அவர் தம் பயத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அன்றுதான், ஊரில் தம் மாமன் நாய்க்கடியில் இறந்ததைத் தாம் சிறுவனாக இருந்தபோது கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். மீதமிருந்த ஊசியையும் அவர் விடாமல் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். முழங்கால் முக்கால் பங்கு மடங்கிற்று. மூன்று வாரம் கழிந்து எடுத்த படத்தில் முறிவைச் சுற்றி வெண்மேகம்போல் புதிய எலும்பு தெரிந்தது. வளர்ந்த நாய்க்கு இது இரண்டு, மூன்று மாத வேலை. ஐந்தாம் வாரத்தில் கம்பியை எடுத்துவிட்டார்கள். சிகிச்சையும் மருந்துமாகச் செலவு 14,000 ரூபாயை எட்டிற்று. வரிசையிலுள்ள வீடுகளிலிருந்து சிலர் பங்கு கொடுத்தார்கள். சிலர், மனிதருக்கே வழியில்லாத நாட்டில் இது ஆடம்பரம் என்றார்கள். காவலர் 200 ரூபாய் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

ஆடம்பரம் என்ற சொல்லைப் பற்றிச் சிந்திக்கையில் மகாபாரதத்தின் தொடக்கம் நினைவுக்கு வருகிறது. நாயும் தருமரும் மேலுலகம் போன இறுதிக் கதையை எல்லாரும் அறிவர். அந்த இதிகாசத்தின் தொடக்கத்திலும் ஒரு நாய்க்குட்டி வருகிறது. தில்லிக்கு வடக்கே குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் வேள்வி செய்யும்போது, அங்கே வந்த குட்டியொன்றை அவன் தம்பிமார் அடித்துத் துரத்துகின்றனர். தாய் சரமை வந்து, என் பிள்ளை அவிசைப் பார்க்கவுமில்லை, நக்கவுமில்லை. ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறது. அரசகுமாரர்களிடம் விடையில்லை. நம் காலத்துச் சட்டமும் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து தனி மசோதாவாகத் தொடங்கிவைத்த முயற்சி, 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமாகக் கனிந்தது. 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர்.

காலு மார்ச்சு மாதம் வெளியே போயிற்று. வாயிற்கூண்டின் அருகே காவலர் ஒரு பெட்டியில் சாக்கு விரித்துவைத்தார். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, ஆறு மாதம் கழித்துக் கருத்தடைச் சிகிச்சை. அடையாளத்துக்காகக் காது நுனியில் ஒரு சிறு வெட்டு. குளிர்ந்த காலைகளில் இரண்டொரு அடி நொண்டும், பிறகு சரியாகிவிடும். அது இனித் தெருவின் நாய், எங்கள் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தோம்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் உள்ள தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும், திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. நாய்க்கடியால் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரம் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்தது. அதை அற்பமாக எண்ண எவருக்கும் உரிமையில்லை. எங்கள் காவலரின் கட்டைவிரலைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆயினும் இலட்சக்கணக்கான நாய்களுக்குக் காப்பகம் எங்கே என்ற கேள்வியும் நின்றது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. அதே நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி வேறோர் உத்தரவும் வந்தது.

இரண்டு உத்தரவுகளுக்கும் இடையிலிருந்த அந்தப் பதினொரு நாட்களில், ஓர் இரவு, நாய் பிடிக்கும் வண்டி அடுத்த குடியிருப்புக்கு வந்திருப்பதாகக் காவலர் வந்து சொன்னார். சொல்லிவிட்டுப் போகவில்லை, வாசலிலேயே நின்றார். காலு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளேயிருந்து அம்மா, "என்ன யோசனை? கூடத்திலே பாயைப் போடுங்கோ. நிலைப்படி தாண்டாம இருந்தாச் சரி" என்றார்.

தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957இன்படி வீட்டு நாயைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வாரமே விண்ணப்பம் நிரப்பினோம். 'இனம்' என்ற கட்டத்தில் நாட்டு நாய் என்று எழுதினோம். 'அடையாளம்' என்ற கட்டத்தில், வலது தொடையில் தையல் தழும்பு. 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் ஒருவர் பெயருக்குத்தான் இடம் இருந்தது. அரசாங்கக் குடியிருப்பின் முகவரி வேண்டுமென்பதால் எங்கள் பெயரை எழுதிக் கையெழுத்திட்டோம். பதிவுத் தகடு வந்ததும், அதைக் கழுத்துப்பட்டையில் கோத்துக் கட்டியவர் வாயிற்காவலர்.